ஊர்ப் பெயர் இல்லாத நண்டு



எளாவூர் என்றால் பலருக்குச் சோதனைச்சாவடிதான் நினைவுக்கு வரும். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, சீட்டு எங்கே என்று கேட்கிற இடம். அதே எளாவூருக்குக் கிழக்கே, சுண்ணாம்புக்குளம் தாண்டினால் பழவேற்காடு ஏரி. அங்கே பிடிபடும் சேற்று நண்டு, கால் கட்டப்பட்டு, உயிரோடு சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது. போன இடத்தில் அதற்கு ஊர்ப் பெயர் கிடையாது. வெறும் நண்டு.

ஊர்ப் பெயரைக் காக்கச் சட்டம் இருக்கிறது. 1999இல் இயற்றிய புவிசார் குறியீட்டுச் சட்டம். அதன் பதிவகமே நம் கிண்டியில்தான். சிறுமலை வாழைப்பழமும் உடன்குடிக் கருப்பட்டியும் அங்கே பதிவானவை. ஆனால் அந்தக் குறியீடு எங்கே விளைந்தது என்பதைச் சொல்லும்; நாளைக்கும் மிஞ்சுமா என்று கேட்காது.

அதைக் கேட்கிற முத்திரை ஒன்று கொல்லத்துக்கு வந்தது. அங்கே அஷ்டமுடிக் காயலில் ஏற்றுமதிக்காக மட்டியை அள்ளு அள்ளென்று அள்ளி, 1990களின் தொடக்கத்தில் வரத்து சரிந்துவிட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன யோசனைப்படி 1993இல் கட்டுப்பாடு வந்தது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுக்கக் கூடாது, அது இனம் பெருகும் காலம். வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கிலோவுக்கு 1,400க்கு மேல் நிற்கும் பொடிச் சதை ஏற்றுமதியாகாது. மட்டி திரும்பி வந்தது. அந்த முத்திரை, அதாவது மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் சான்று, கிடைத்ததோ 2014இல். இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மீன்பிடிப்பு அதுதான்.

கட்டுப்பாடு முந்தி, முத்திரை 21 வருஷம் பிந்தி. நம் நண்டுக்கோ நாம் முத்திரையிலிருந்து தொடங்கப் பார்க்கிறோம்.

பழவேற்காட்டில் கட்டுப்பாடு புதிதல்ல. 'பாடு' என்பார்கள். ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை விட்டுக்கொடுக்க வேண்டும். இதில் குறையும் உண்டு. பாடு உரிமை பரம்பரையாக வருவது. சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு அந்தக் குலுக்கலில் சீட்டு கிடையாது. நாளை முத்திரை தர வருகிறவர் இதையும் விசாரிக்க வேண்டும். முத்திரைக்கான தணிக்கைச் செலவை நண்டு பிடிப்பவர் தலையில் கட்டவும் கூடாது. லாபம் பார்க்கும் ஏற்றுமதியாளர் கொடுக்கட்டும்.

அடுத்த முறை நண்டு வாங்கும்போது, எந்த ஏரி நண்டு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சினை நண்டாக இருந்தால் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.