மறைந்து வரும் இயல்புகள்

லிந்துலைப் பகுதித் தோட்டங்களில் ஒரு குழந்தை பிறந்ததும், லயத்து மூதாட்டிகள் அதன் முகத்தை ஆராயத் தொடங்கிவிடுவர். மூக்கு மாமனுடையது, நெற்றி அப்பாயியுடையது என்று தீர்ப்பும் வழங்கப்பெறும். குழந்தை நோயுற்றதாயின், அக்குறை தாயின் குலத்திலிருந்து வந்ததென்று பழி கூறுவாரும் உளர். இப்பழிக்கு அறிவியலில் இடமுண்டா என்பதை நான்கு சிறு கட்டங்களைக் கொண்டே ஆராயலாம். வானொலியிற் கட்டம் வரைந்து காட்டுதல் இயலாது. நேயர்கள் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்வாராக.

ஓர் இயல்புக்குரிய காரணிகள் ஒவ்வோர் உயிரிலும் இரண்டிரண்டாய் உள்ளன. தந்தை தம் இரண்டில் ஒன்றைத் தருகிறார். தாயும் அவ்வாறே ஒன்றைத் தருகிறார். பட்டாணிச் செடிகளைக் கொண்டு இதனைக் கண்டு 1866ஆம் ஆண்டில் வெளியிட்டவர் மெண்டல் என்னும் துறவி. தந்தையின் இரண்டினைச் சதுரத்தின் மேலும், தாயின் இரண்டினைப் பக்கத்திலும் எழுதி, உள்ளேயுள்ள நான்கு கட்டங்களை நிரப்பும் எளிய முறையை வகுத்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து அறிஞர் ரெஜினால்ட் பனற்.

இந்தப் பனற் இலங்கைக்கும் வந்தவர் என்பது பலர் அறியாத செய்தி. அவரை இங்கு ஈர்த்தது ஒரு வண்ணத்துப்பூச்சி. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் பப்பிலியோ பொலிட்டெஸ் என்பதே அது. அதன் ஆண்கள் யாவும் ஒரே தோற்றம் உடையன: கரிய சிறகு, பின்சிறகின் குறுக்கே வெண்புள்ளி வரிசை. பெண்களோ மூவகை. ஒருவகை ஆணையே ஒத்தது. மற்றை இருவகையும், ஈசுரமூலிக் கொடியை உண்டு நஞ்சேறிய வேறிரு பூச்சிகளின் வேடத்தைப் பூண்டவை. பறவைகள் அவற்றை நச்சுப்பூச்சிகளென்று எண்ணி விலகிவிடும். பனற் 1910ஆம் ஆண்டில் இதுபற்றி எழுதினார். பின்னர் ஃப்ரையர் என்பார் இலங்கையிலேயே இப்பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, வேடம் பூணும் இயல்பும் மெண்டலின் விதிக்குட்பட்டதே என்று காட்டினார். ஆண்பூச்சி வேடக் காரணியைத் தாங்கியிருப்பினும் வெளியே காட்டுவதில்லை. அதன் புதல்விகளைக் கண்ட பின்னரே உண்மை புலப்படும். அக்காரணி இன்ன பரம்பரை அலகில் உள்ளதென்பது 2014ஆம் ஆண்டிலேதான் துலங்கியது.

எல்லா இயல்பையும் இவ்வாறு கட்டத்துள் அடைக்க முடியாது. உயரமும் நிறமும் பல காரணிகளால் அமைவன. தேயிலைச் செடியும் அத்தகையதே. அயல் மகரந்தத்தாற் கருவுறும் அதன் விதைகள் தாயைப் போல் முளைப்பதில்லை. ஆகவேதான் நல்ல செடியின் கிளைத்துண்டுகளை நட்டு வீ.பி. தேயிலை வளர்க்கின்றனர்.

இனித் தாளில் ஒரு சதுரம் வரைக. நலமான காரணிக்கு ‘ந’ என்றும், குறையுள்ளதற்குக் ‘கு’ என்றும் பெயரிடுக. தலசீமியா என்னும் இரத்தநோயில் ‘ந-கு’ உடையவர் நோயாளியல்லர். குறையை மறைத்துச் சுமப்பவர். சிறிது இரத்தச்சோகை காணப்படலாம். அது இரும்புச்சத்துக் குறைவென்றே தவறாகக் கருதப்படுவதும் உண்டு. அத்தகைய இருவர் மணந்தால் கட்டங்களில் விழுவன: ந-ந ஒன்று, ந-கு இரண்டு, கு-கு ஒன்று. கடைசிக் கட்டத்துக் குழந்தை பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் வெளிறி வாடும். பின்னர் வாழ்நாள் முழுதும் பிறர் இரத்தம் ஏற்றவேண்டும். அக்கட்டத்தின் ஒரு ‘கு’ தந்தையிடமிருந்து வந்ததன்றோ? தாயைப் பழிப்போர் இதனை உற்று நோக்குவாராக.

நான்கில் ஒன்று என்றால், மூன்று பிள்ளைகள் நலமாகப் பிறந்தபின் நான்காவது நோயுறும் என்பதன்று. ஒவ்வொரு பிறப்பிலும் அதே நான்கில் ஒரு பங்கு நிகழ்தகவு மீண்டும் எழுகிறது.

மாமன் மகளை மணக்கும் வழக்கத்தை எண்ணுவோம். பாட்டனார் ஒருவர் ‘ந-கு’ எனின், அவர் பிள்ளைக்கு அக்குறை வரும் வாய்ப்பு 2இல் 1; பேரனுக்கு 4இல் 1; பேர்த்திக்கும் 4இல் 1. இருவருக்கும் ஒருங்கே வருவது 16இல் 1. அவ்விருவரும் மணப்பின் குழந்தை நோயுறுவது 64இல் 1. அதே பேரன் உறவல்லாத பெண்ணை மணக்கிறான் எனவும், ஊரில் 100 பேரில் இருவர் இக்காரணியைச் சுமப்பவர் எனவும் கொண்டால், அது 800இல் 1 ஆகக் குறைகிறது. உறவுத் திருமணம் நோயை உண்டாக்குவதில்லை. மறைந்து கிடப்பதை ஒன்று சேர்க்கிறது, அவ்வளவே. அயலில் மணந்தாலும் அபாயம் முற்றும் நீங்குவதில்லை.

வண்ணத்துப்பூச்சியின் தந்தையை அறியப் புதல்விகள் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மனிதருக்கு அத்தேவை இல்லை. ஒருவர் இக்காரணியைச் சுமக்கின்றாரா என்பதை இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். குருநாகலில் தலசீமியாவுக்கென்றே தனி நிலையமும் இயங்குகிறது. சாதகப் பொருத்தம் பார்க்கும் நாளிலேயே, மணமக்கள் இருவரும் அருகிலுள்ள அரசினர் மருத்துவமனையில் வைத்தியரிடம் இதுபற்றிக் கேட்கலாம். ஒருவரேனும் ‘ந-ந’ என்று தெரிந்துவிடின், அவர்தம் சதுரத்தில் ‘கு-கு’ என்ற கட்டமே விழாது.