பனி உருகுவது அங்கே, கடல் ஏறுவது இங்கே



தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கப் போகிறவர்கள் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். பத்துப் பாகம் என்றால் ஏறத்தாழ 18 மீட்டர். அங்கே அவர்கள் கால் படுகிற தரை 20,000 ஆண்டுகளுக்கு முன் வெயில் காய்ந்த நிலம். அப்போது வட அமெரிக்காவையும் வட ஐரோப்பாவையும் கிலோமீட்டர்க் கணக்கில் தடித்த பனி மூடியிருந்தது. அந்தப் பனியின் நீரெல்லாம் கடலிலிருந்து போனதுதான். உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே கிடந்தது. முத்துக்குப் பேர்போன கடலடிப் பார்களெல்லாம் அப்போது மேட்டு நிலம். இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம்.

கடல் இப்படி இறங்கி ஏறிய கதையோடு சேர்ந்ததுதான் உங்கள் ஊரான பெரியதாழைக்குப் பின்னால் கிடக்கும் செம்மணல் தேரி. தேரி மணலை உருப்பெருக்கியில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மணியின்மேலும் செந்துருப் பூச்சு. அதைச் சுரண்டினால் உள்ளே வெளிறிய குவார்ட்ஸ். இடையிடையே இலுமினைட் கனிமத்தின் கறுப்பு. காற்று குவித்த மணல், பிறகு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அசையாமல் கிடந்து சிவந்திருக்கிறது. சாயர்புரம் போன்ற தேரிகளில் கிடைக்கும் சிறு கற்கருவிகளைக் கடல்மட்ட மாற்றத்தோடு சேர்த்து 1956-லேயே ஆய்வாளர்கள் சோய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் எழுதிவிட்டார்கள். நம் பள்ளிப் பாடத்தில் அதற்கு இன்னும் உரிய இடம் தரவில்லை என்பது என் வருத்தம்.

இனி நான் சொல்ல வந்த செய்தி. கடல் மட்டமானது என்று நினைக்கிறோம், அது மட்டமானதல்ல. கிரீன்லாந்தின் பனிமலை தன் எடையால் சுற்றியுள்ள நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரைந்தால் அந்தப் பிடி தளரும். கிரீன்லாந்தின் கரையோரத்தில் கடல் இறங்கும். தொலைவில், நம்மைப் போன்ற வெப்பநாட்டுக் கடல்களில், உலகச் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். ஆய்வாளர்கள் ஃபாரலும் கிளார்க்கும் 1976-ல் கணக்கிட்டுக் காட்டியது இது. 1901 முதல் 2018 வரை கடல் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது என்கிறார்கள். துருவப் பனியால் வரும் பங்கில் நமக்கு விழுவது அந்தச் சராசரி அல்ல.

பூமியின் உள்ளும் கடலின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு, பூமியின் ஒழுங்கான வடிவத்துக்கு 106 மீட்டர் கீழே குழிந்திருக்கிறது. டச்சு அறிஞர் வெனிங் மைனஸ் 1948-ல் கண்டது இது. காரணத்தை 2023-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தேபஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும் முன்வைத்தார்கள். பழைய டெத்திஸ் கடலின் தரை உள்ளே அமிழ்ந்து, ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்த சூடான, எடை குறைந்த பாறைப் பொருளைக் கலைத்து மேலே கிளப்பியிருக்கிறது. இக்கடலுக்கு அடியில் 300 முதல் 900 கிலோமீட்டர் ஆழத்தில் எடை குறைந்ததால் ஈர்ப்பும் குறைந்து நீர் தாழ்ந்தது என்பது அவர்கள் விளக்கம். அந்தக் குழிவின் விளிம்பில்தான் பெரியதாழையும் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு ஏற்பத் திருத்தம் செய்யாத செயற்கைக்கோள் உயரத்தைக் கேட்டால், இந்தக் கரையில் நிற்பவருக்குக் கழித்தல் 90 மீட்டருக்கும் கீழே காட்டும். பயப்பட ஒன்றுமில்லை, இந்தக் குழிவு கோடிக்கணக்கான ஆண்டுகளின் வேலை.

பயப்பட வேண்டியது வேறு: கரை அரிப்பு. ஆனால் அது முழுவதையும் பனியின் தலையில் கட்டிவிடக் கூடாது. கச்சான் காற்றுக் காலத்தில் கரையோரம் நகரும் மணலைக் கல்லால் மறித்தால், ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் அரிக்கும். தூண்டில் வளைவு போட்ட இடமெல்லாம் இதைப் பார்க்கலாம். மணலால் வந்த அரிப்பு எவ்வளவு, கடல் ஏறியதால் வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நீண்டகால அளவு வேண்டும். தூத்துக்குடித் துறைமுகத்தில் கடல்மட்டக் கருவி உண்டு. ஆனால் ஒவ்வொரு ஊரின் கரையும் வெவ்வேறு விதமாக நகர்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். கோயிலடியிலோ பள்ளி வளாகத்திலோ அசையாத மட்டக்கல் ஒன்றை நடுங்கள். அமாவாசைக்கு அமாவாசை, வற்றத்தின்போது, அங்கிருந்து நீர்விளிம்பு வரை மாணவர்கள் கயிறு பிடித்து அளந்து நோட்டில் குறிக்கட்டும். காற்றையும் அன்றைய அலையையும் பக்கத்திலேயே எழுதட்டும். இந்த ஆண்டு உங்கள் அறக்கட்டளையின் வட்டியில் மிச்சம் இருந்தால், அதன் குழுவினர் அதை அந்தக் கல்லுக்கே செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.