புலவன் வாக்கும் வைக்கிங் தொடரும்



கி.பி. 793இல் வைக்கிங்குகள் வட இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடத்தைச் சூறையாடினர். 911இல் ரோலோ என்னும் தலைவன் மேற்குப் பிராங்கிய மன்னன் மூன்றாம் சார்லசிடம் நிலம் பெற்றான். இடைவெளி 118 ஆண்டுகள். 2013இல் ‘ஹிஸ்டரி’ என வரலாற்றின் பெயரையே தாங்கிய அலைவரிசையில் தொடங்கிய ‘வைக்கிங்ஸ்’ தொடரோ, இரண்டையும் ஒரே தலைமுறைக்குள் அடக்கியது. மரபுக்கதை நாயகன் ராக்னருக்கு ரோலோவை உடன்பிறந்தானாக்கியது.

நாடகத்துக்கு அவ்வுரிமை இல்லையா? உண்டு. ஆயின் மேடைக் கற்பனை எளிதில் மறைவதில்லை. வைக்கிங் வீரர் கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்ததற்குச் சான்றில்லை. 1943இல் நார்வேயின் யெர்முண்ட்பூவில் கிடைத்த கவசத்தில் கொம்பில்லை. 1876இல் வாக்னரின் இசைநாடகத்திற்கு டோப்ளர் வரைந்த உடைகள் அக்கொம்பைப் பரப்பின. உலகம் இன்னும் அதைக் கழற்றவில்லை.

13ஆம் நூற்றாண்டில் நார்வே மன்னர் வரலாறு எழுதிய ஐஸ்லாந்துப் புலவர் ஸ்னோரி, பழைய அவைப்புலவர் பாடல்களைச் சான்றாகக் கொண்டார். அதற்கு அவர் காட்டிய காரணம் கூரியது: செய்யாத செயலைச் செய்ததாக மன்னன் முன், உண்மை அறிந்தோர் நடுவே பாடினால் அது புகழாகாது, ஏளனமாகும்.

அப்புலவனைத் திருத்த ஓர் அவை இருந்தது. தொலைக்காட்சியின் முன் அத்தகைய அவை இல்லை. ஆகவே பொறுப்பு முழுவதும் படைப்பாளியையே சேர்கிறது. புனைவது குற்றமன்று, புனைந்ததை வரலாறென நம்பவிடுவதே குற்றம்.