நீங்கலாக என்னும் சொல்

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. பாலக்காட்டுப் பகுதியும் அவ்வாறே. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியிலேயே எழுத 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வகைசெய்தது. இத்தகைய விதிகளில் ‘நீங்கலாக’ என்ற சொல் வராமல் இராது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மை அலைக்கழிப்பதும் அச்சொல்தான். கலைப் பட்டதாரிகளாகிய நமக்கு இதில் துணைசெய்வது, வியப்புத்தான், கணிதம்.

ஓர் அலுவலகத்தைக் கற்பித்துக்கொள்வோம். அ என்பது சித்தூர், தேவிகுளம், ஆலத்தூர் என்னும் மூன்று தாலுகாக்களின் கணம். ஆ என்பது தமிழ், மலையாளம் என்னும் இரு மொழிகளின் கணம். தாலுகா ஒன்று, மொழி ஒன்று என வரிசையாகச் சோடி சேர்த்தால் ஆறு சோடிகள் கிடைக்கும். இதுவே டேக்கார்ட் என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயரால் வழங்கும் கார்ட்டீசியன் பெருக்கம். இனி, இ என்பது சித்தூரும் தேவிகுளமும். ஈ என்பது தமிழ் மட்டும். “இ தாலுகாக்களின் ஈ மொழிக் கடிதங்கள் நீங்கலாக, ஏனையவை பொதுப் பிரிவுக்கு” என்று ஆணை பிறக்கிறது. பொதுப் பிரிவுக்கு உரியவை எவை?

அவசரக்காரர் தாலுகாவில் இ-யைக் கழிப்பார், மொழியில் ஈ-யைக் கழிப்பார், எஞ்சியவற்றைப் பெருக்குவார். அவருக்குக் கிடைப்பது ஆலத்தூர் மலையாளக் கடிதம் ஒன்றே. ஆனால் ஆறில் இரண்டு போனால் நான்கன்றோ? சித்தூர் மலையாளக் கடிதமும், தேவிகுளம் மலையாளக் கடிதமும், ஆலத்தூர்த் தமிழ்க் கடிதமும் எப்பிரிவுக்கும் உரியனவாகாமல் மேசையில் கிடக்கும். பென்ஷன் வேண்டி எழுதிய முதியவருக்கு அது விளையாட்டன்று.

சரியான முற்றொருமை இது: அ-ஆ பெருக்கத்தில் இ-ஈ பெருக்கத்தை நீக்கினால் எஞ்சுவது, இ நீங்கிய அ-வை ஆ-வோடு பெருக்கியதும், அ-வை ஈ நீங்கிய ஆ-வோடு பெருக்கியதும் சேர்ந்த கணம். நிறுவுதல் எளிது. எஞ்சிய சோடி ஒன்றை எடுப்போம். அதன் முதல் உறுப்பு அ-வில் உண்டு, இரண்டாவது ஆ-வில் உண்டு. ஆனால் ‘முதலாவது இ-யிலும் இரண்டாவது ஈ-யிலும்’ என்பது பொய். ‘இரண்டும்’ என்பது பொய்யானால், முதலாவது இ-யில் இல்லை அல்லது இரண்டாவது ஈ-யில் இல்லை. முன்னதாயின் சோடி முதற்பெருக்கத்தில் விழும். பின்னதாயின் இரண்டாவதில் விழும். இவ்வடிகள் ஒவ்வொன்றும் திரும்பி நடக்கத்தக்கவை. ஆதலால் இருபுறமும் ஒரே கணம். இ என்பது அ-வுக்குள் அடங்கவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

‘உம்’ என்பதை மறுத்தால் ‘அல்லது’ பிறக்கும் என்ற இவ்விதிக்குப் பெயர் தந்த அகஸ்டஸ் டி மார்கன், 1806இல் பிறந்த ஊர் மதுரை. தேவிகுளத்து மலைகளுக்குக் கிழக்கே, தேனியைக் கடந்தால் அவ்வூர்தான்.

நம் எடுத்துக்காட்டில் முதற்பெருக்கம் ஆலத்தூரின் இரு சோடிகள்; இரண்டாவது மலையாளத்தின் மூன்று சோடிகள். ஆலத்தூர் மலையாளம் இரண்டிலும் வருகிறது. அதை ஒருமுறையே எண்ண, நான்கு சரியாக வருகிறது.