பிள்ளையோடு வண்டியில் போகிறீர்களா?



பெங்களூரு ஆஸ்டின் டவுனில் காலைப் பள்ளி நேரம். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு வாண்டு ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றுகொண்டே போகிறது. சட்டென்று பிரேக் போட்டால் முதலில் அடிபடுவது அந்தப் பிஞ்சு முகம்தான். முன்னால் பொருத்தும் சின்ன இருக்கையிலும் பெல்ட் இல்லையென்றால் இதே ஆபத்துதான்.

சின்னக் குழந்தைகளை இருசக்கர வண்டியில் பாதுகாப்பாக ஏற்றிச் செல்வதற்கென்றே மத்திய அரசு 2022 பிப்ரவரியில் விதி வகுத்தது. 2023 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையைப் பின்னால் ஏற்றினால் பாதுகாப்பு பெல்ட்டும், தலைக்குச் சரியான ஹெல்மெட்டும் கட்டாயம். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

பெல்ட் வாங்கும்போது என்ன பார்ப்பது? அது 30 கிலோ வரை தாங்க வேண்டும். கெட்டியான நைலான், உள்ளே அடர்த்தியான ஃபோம், மழையில் நனைந்தாலும் கெடாத துணி. குழந்தைக்கு அதைச் சட்டை மாதிரி மாட்டிவிட்டு, வார்களை உங்கள் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். கடையிலேயே பிள்ளைக்கு மாட்டி, கொக்கிகளை இழுத்துப் பாருங்கள்.

பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில்தானே என்று விட்டுவிடாதீர்கள். பெல்ட்டை மாட்டிய பிறகே வண்டியைக் கிளப்புங்கள்.