குறை கேட்கும் திண்மை

இன்று மருத்துவப் பட்டம் பெறும் இளைஞர்களே, நங்கையரே!

பெற்றோரின் தியாகத்துக்கும் ஆசிரியர்களின் சிரத்தைக்கும் உரிய பலனாக இப்பட்டத்தை ஏந்தி நிற்கும் உங்களை மனமார வாழ்த்துகிறேன். வாழ்த்தோடு, உங்கள் தொழிலின் சரித்திரத்திலிருந்து ஒரு விஷயத்தையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

வியன்னா பொது மருத்துவமனையில், மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்த முதற் பிரிவில், மருத்துவச்சிகள் பார்த்த இரண்டாம் பிரிவைக் காட்டிலும் மிகுதியான தாய்மார்கள் பிரசவ ஜன்னியால் மாண்டு வந்ததும், பிணப் பரிசோதனை செய்த கரங்களோடு பிரசவ அறைக்கு வருவதாலேயே இந்த நாசம் விளைகிறது என்று தெளிந்த மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், 1847 மே மாதத்தில் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று விதித்ததும், ஏப்ரலில் நூற்றுக்குப் 18 ஆக இருந்த மரணம் ஜூனில் 2 என்ற அளவுக்கு இறங்கியதும் நீங்கள் அறிந்தவையே. ஆயினும், உயிர் காப்பதற்கென்றே பழகிய தம் கரங்கள் உயிரைப் பறித்தன என்ற சொல்லை, கல்வியிலும் கருணையிலும் குறைவற்ற பல மருத்துவர்களால் தாங்க இயலவில்லை. காற்றையும் பருவத்தையும் காரணம் காட்டினார்கள். ஆதாரம் போதாது என்றார்கள். அவர்கள் தம் கௌரவத்தைக் காத்துக்கொண்ட ஒவ்வொரு நாளுக்கும் விலை கொடுத்தவர்கள் அத்தாய்மார்களே.

இதற்கு நேர்மாறாக, அவ்வுண்மையை ஏற்றுத் தம் மருத்துவமனையில் கை கழுவும் முறையைப் புகுத்திய கீல் நகரத்து மருத்துவர் மிக்கேலிஸ், தம் சிகிச்சையில் இறந்தோரை எண்ணியெண்ணி மனம் சோர்ந்து, 1848இல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். அவருடைய நேர்மையை வணங்குகிறேன். ஆனால் அத்தகைய பாரத்தை எவரும் தனியே சுமக்கலாகாது என்பதையும், தவற்றை உணர்வது திருத்துவதற்கேயன்றி அழிவதற்கன்று என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தம் குறையைக் கேட்டு ஏற்கும் இச்சோதனை தீயவரைக் காட்டிலும் நல்லவருக்கே கடினமானது. ஏனெனில் தம் நன்மையில் கொண்ட அபிமானமே அவர் செவியை அடைத்துவிடுகிறது. ஆகவே, உங்களால் இன்னல் நேர்ந்தது என்று ஒரு நோயாளியோ செவிலியோ சொல்லும்போது, உங்கள் நல்லெண்ணத்தை விளக்க எழும் நாவைச் சற்றே அடக்குங்கள். எண்ணத்தை நீங்கள் அறிவீர்கள். விளைவை அனுபவித்தவர் அறிவார். அவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். பின்பு பட்சபாதமின்றி விசாரியுங்கள். உண்மையென்று கண்டால் மன்னிப்புக் கேட்டு, பரிகாரம் தேடி, முறையை மாற்றுங்கள். உண்மையன்று என்று கண்டாலும், பொறுமையாகக் கேட்டதால் உங்களுக்கு நஷ்டமொன்றும் இல்லை.

கற்றோர் சபையில் பெறும் புகழினும், வார்டில் தரை துடைக்கும் எளிய ஊழியரும் அஞ்சாமல் வந்து உங்கள் குறையை உங்களிடமே சொல்லக்கூடிய விதத்தில் வாழ்வதே மருத்துவருக்குப் பெரிய கௌரவம். நோயாளிக்கு அதுவே பெரிய பாதுகாப்பு. அக்கௌரவம் உங்கள் அனைவருக்கும் வாய்ப்பதாக!