லூயா மக்களின் இறுதிச் சடங்கு: கடன் தீரும், கண்ணீர் தீருமா?

இறந்தவருக்குச் செய்யும் சடங்கு யாருக்காக என்பதுதான் இன்றைய கருத்துக்களத்தின் கேள்வி. விடை தேடி உங்களை மேற்குக் கென்யாவுக்கு அழைத்துப் போகிறேன்.

காக்காமேகா, பங்கோமா, விஹிகா, புசியா வட்டாரங்களில் வாழ்பவர்கள் லூயா மக்கள். 2019 கணக்கெடுப்பின்படி 68 இலட்சம் பேர். கென்யாவில் கிக்கூயு இனத்தாருக்கு அடுத்த பெரிய இனம். புக்குசு, மரகோலி, இசுக்கா, இடக்கோ என்று பல கிளைகள். வழக்கமும் கிளைக்குக் கிளை மாறும். ஆனால் சொந்த வீட்டு நிலத்தில்தான் அடக்கம் என்பதில் எல்லாரும் ஒன்று. நைரோபியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் இறந்தாலும், உற்றார் பணம் திரட்டி, வண்டி பிடித்து, உடலை ஊருக்குக் கொண்டு வந்துவிடுவார்கள்.

பெரியவர் மறைந்தால் காளைகளை ஓட்டி வருவார்கள். இசுக்கா, இடக்கோ மக்களிடம் இசுக்குட்டி முரசு முழங்கும். பிள்ளை பிறந்தாலும் கல்யாணம் என்றாலும் அதே முரசுதான். 2014-இல் யுனெஸ்கோ இதை உடனடியாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. புக்குசு மக்களிடம் இன்னொரு சிறப்பு உண்டு. மதிப்புக்குரிய முதியவரை அடக்கம் செய்தபின், அதற்கென்றே உரிமை பெற்ற ஒருவர் கையில் கோலோடு கூட்டத்தின் நடுவே நடந்துகொண்டே குலத்தின் கதையையும் வாழும் முறையையும் எடுத்துச் சொல்வார். நிகழ்ச்சி நடத்திப் பிழைக்கும் எனக்கு அவர்மீது கொஞ்சம் பொறாமைதான்!

இரவில் பணம் திரட்டுகிறோம் என்று ஒலிபெருக்கி வைத்து ஆடும் 'டிஸ்கோ மத்தாங்கா' மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சின்னப் பெண்கள் அங்கே சீரழிகிறார்கள் என்று அதிகாரிகள் பலமுறை தடை போட்டிருக்கிறார்கள்.

அடக்கம் முடிந்து சில நாளில் உறவினர் தலைமயிரை மழிப்பார்கள். அன்றைக்குப் பெரியவர்கள் ஊரார் முன்னிலையில் உட்கார்ந்து, "இவர் யாருக்குக் கடன் தர வேண்டும்? இவருக்கு யார் தர வேண்டும்?" என்று கேட்பார்கள். மாடு கொடுத்தவர், பணம் வாங்கியவர் எழுந்து சொல்ல வேண்டும். சாட்சி பலர் இருப்பதால் பிறகு மறுக்க முடியாது. வங்கியும் வழக்கறிஞரும் இல்லாத காலத்தில் எவ்வளவு நேர்மையான ஏற்பாடு, பாருங்கள்!

அதே கூட்டத்தில் நிலம் யாருக்கு, பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு, மனைவியை யார் பார்த்துக்கொள்வது என்பதும் முடிவாகும். கணவனின் சகோதரன் அவளை ஏற்பது பழைய வழக்கம். பாதுகாப்புக்கென்று வந்த வழக்கம்தான். ஆனால் அவளுக்குச் சம்மதமா என்று எத்தனை பேர் கேட்டார்கள்?

உடல்மீதுகூட அவளுக்கு உரிமை இல்லை என்ற நிலை இருந்தது. அண்டை இனமான லுவோவைச் சேர்ந்த வழக்கறிஞர் எஸ். எம். ஓட்டியெனோ 1986 டிசம்பரில் இறந்தார். நைரோபிக்கு அருகே அடக்கம் செய்ய மனைவி வம்புயி விரும்பினார்; குலத்தார் சொந்த ஊருக்குக் கேட்டார்கள். ஐந்து மாதம் உடல் பிணவறையில் கிடக்க, 1987 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் குலத்தார் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த அடக்கத்துக்கு வம்புயி போகவில்லை.

2010 அரசியல் சட்டம், தனக்கு முரணான மரபுச் சட்டம் செல்லாது என்றது. 2015-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம், விதவையைக் கட்டாயமாக மறுமணத்துக்கு உட்படுத்துவதை வன்முறை என்றே குறித்தது. கடன் கேட்கும் அந்தக் கூட்டம் அப்படியே இருக்கட்டும். அதில் அவளும் எழுந்து பேச இடம் வேண்டும் என்பது என் கட்சி. எதிரணி நண்பர் என்ன சொல்கிறார் என்று கேட்போம்.